நாகரஹொளேக்கு இரண்டு பேர்

செப்டம்பர் 9, திங்கள்

அனகா சரி என்று சொல்லிவிட்டாள். தசரா விடுமுறையில் என்னோடு மூன்று நாள்!

நானும் குருபிரசாதும் பிரிந்த இந்த நான்கு வருடத்தில் அவள் என்னோடு ஓர் இரவுகூடத் தங்கியதில்லை. மாதத்தில் ஒரு ஞாயிறு பெங்களூரிலிருந்து அழைத்து வருவார். மூவரும் ஏதாவது ஹோட்டலில் சாப்பிடுவோம். நாலு மணிக்குக் கிளம்பிவிடுவார்கள். வீட்டுக்கு வாடி என்றால், “ஹோம்வொர்க் இருக்கும்மா.”

இந்த முறை வீட்டைப் பற்றிப் பேசவில்லை. நாகரஹொளே காட்டைப் பற்றிப் பேசினேன். “டென்ட்லயா? நிஜ டென்ட்லயா?” என்று கத்தினாள். பன்னிரண்டு வயதாகிறது. என்னிடம் அவள் அப்படிக் கத்திப் பேசி எத்தனை நாளாயிற்று!

செப்டம்பர் 12

கல்லூரியில் கடைசி வகுப்பு முடிந்ததும் வனத்துறைக்குப் பேசினேன். காட்டுக்குள் நாமாகக் கூடாரம் அடிக்க அனுமதி கிடையாதாம். எல்லையோரம் அவர்களே போட்டு வைத்திருக்கிறார்கள். யானை வராமலிருக்கச் சுற்றிலும் அகழி. காலை ஆறு மணிக்கு ஜீப். அக்டோபர் 14 முதல் 16 வரை இடம் கிடைத்தது.

படிவத்தில் உறவு என்ற இடத்தில் ‘தாய்’ என்று எழுதினேன். எழுதிவிட்டு அதையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

செப்டம்பர் 15

மண்டி மொஹல்லா கடைத்தெருவில் டார்ச், அட்டை கடிக்காமலிருக்க நீளச் சாக்ஸ், இரண்டு மழைக்கோட்டு. “மகளுக்கு என்ன உயரம்?” என்றார் கடைக்காரர். என் தோளருகே கையை வைத்துக் காட்டினேன். பிறகு கொஞ்சம் உயர்த்தினேன். பிறகு இறக்கினேன். அவர் பெரிய அளவாகவே எடுத்துக் கொடுத்தார்.

செப்டம்பர் 18

வலிப்பு மாத்திரை இரண்டு வேளையும் ஆயிற்று. நான்கு வருடமாக ஒரு வேளைகூடத் தவறவில்லை.

செப்டம்பர் 22

கெடுத்துவிட்டேன்.

“அல்லி நெட்வொர்க் இருத்தா?” என்று அனகா ஃபோனில் கேட்டாள், அங்கே நெட்வொர்க் இருக்குமா என்று. பதற்றம் வந்தால் அவளுக்குக் கன்னடம்தான் வரும். இந்த வாரத்தில் இதே கேள்வி மூன்றாம் முறை. அங்கே சிக்னல் கிடையாது என்று ஏற்கெனவே சொல்லியாயிற்று. பக்கத்து ஊரில்? ஜீப்பில்? ஆபீஸில் லேண்ட்லைன்?

“மூணு நாள் ஃபோன் இல்லாம உன்னால இருக்க முடியாதா? உங்கப்பா வீட்டுல எப்பப் பாத்தாலும் அந்த ஃபோனையே கட்டிண்டு...”

“சாரிம்மா” என்று வைத்துவிட்டாள்.

செப்டம்பர் 24

குருபிரசாத் பேசினார். “அவ வரலைங்கறா, ஹம்ஸா. கட்டாயப்படுத்தாதே.”

ஃபோன் இல்லாமல் இருக்க முடியாதாமா என்று கேட்டேன். அதற்கில்லை என்றார். “அம்மாக்கு அங்க ஃபிட்ஸ் வந்தா, சிக்னல் இல்லாம நான் யாரைக் கூப்பிடறதுன்னு மனிஷாகிட்ட கேட்டு அழுதாளாம்.”

மனிஷா, அவர் போன வருடம் கட்டிக்கொண்டவள். அவளிடம் சொல்லியிருக்கிறாள். என்னிடம் சொல்லவில்லை.

நான்கு வருடத்துக்கு முன் வலிப்பு வந்து விழுந்த அந்த நாள் எனக்கு ஞாபகமே இல்லையே! வகுப்பில் தூக்கம் தூக்கமாக வருகிறதென்று நானே மாத்திரையை நிறுத்தி ஒரு மாதம் ஆகியிருந்தது. காபி ஆற்றிக்கொண்டிருந்தேன். அடுத்தது ஆஸ்பத்திரிக் கட்டில். நடுவில் ஒன்றுமில்லை. குழந்தை உள்ளே தூங்கிண்டிருந்தா என்று யாரோ சொன்னார்கள், நம்பினேன். கோர்ட்டில் அப்பாவோடதான் இருப்பேன்னு சொன்னாளே, அவர்தான் ஏத்திவிட்டார்னு நெனச்சேனே. நாலு வருஷமா அதையே நெனச்சிண்டு... ஒரு தடவை அவகிட்ட கேட்டேனா நான்?

செப்டம்பர் 25

தேவம்மாவைக் கேட்டேன். ஏழு வருடமாக என் வீட்டு வேலை பார்க்கிறவள், மார்டள்ளி என்ற தமிழ்க் கிராமத்துக்காரி. அன்று சாயங்காலம் வந்து என்னை முதலில் பார்த்தவள் அவள்தான். அனகா தூங்கிக்கொண்டிருந்தாளா?

பாத்திரம் தேய்ப்பதை நிறுத்தினாள். “தூங்கறதாவதுங்க! சமையக்கட்டுல உங்க மண்ட ஒடஞ்சு ரத்தம். துண்ட வெச்சு அமுத்திக்கிட்டே உக்காந்திருந்துச்சு பாப்பா. நான் தட்டித் தட்டிப் பாத்தனுங்க, கதவத் தெறக்கவே மாட்டேனுது. கைய எடுத்தா அம்மா செத்துருவாங்கன்னு உள்ளாரருந்தே கத்துச்சு. ஒரு நிமிசந்தான் கண்ணு, ஓடியான்னு சொல்லித்தான் தெறக்க வெச்சேன்.”

“எத்தனை நேரம் அப்படி?”

“இஸ்கோலு உட்டு நாலு மணிக்கு வந்துச்சாமுங்க. நான் வரப்ப ஆறு. உங்க போனு லாக்காமா. நம்பரு தெரியலயாமா.”

“ஏன் தேவம்மா எங்கிட்ட சொல்லவே இல்லை?”

“நீங்க கேக்கலீங்களே.”

செப்டம்பர் 26

எட்டு வயது. இரண்டு மணி நேரம்.

செப்டம்பர் 29

அனகாவைக் கூப்பிட்டேன். முகாமுக்கு அப்பாவோடும் மனிஷாவோடும் போய்விட்டு வா, பெயரை மாற்றிக்கொள்ளலாம் என்று வனத்துறையில் சொல்லிவிட்டார்கள் என்றேன்.

“நிஜமாவா? உனக்குக் கோவம் இல்லையே?”

“இல்லைடி.”

அவள் மூச்சு விட்டது இங்கே கேட்டது. நீயும் வாயேன்மா என்று ஒரு வார்த்தை வரும் என்று காத்திருந்தேன். வரவில்லை. எப்படி வரும்?

மனிஷா தன் அடையாள அட்டையை அனுப்பி, “நீங்களும் வாங்க, நாலு பேரா போகலாம்” என்று எழுதியிருந்தாள். நல்ல பெண். வேண்டாம் என்றேன். மூன்று நாளாவது குழந்தை எனக்குக் காவல் இருக்காமல் யானையைப் பார்க்கட்டும். படிவத்தில் என் பெயரை அழித்துவிட்டு அவள் பெயரையும் குருபிரசாத் பெயரையும் நானே எழுதினேன்.

அக்டோபர் 14

காலையிலிருந்து மழை. இந்நேரம் காட்டுக்குப் போகும் வழியில் ஹுன்சூர் தாண்டியிருப்பார்கள்.

அக்டோபர் 16, புதன்

மூன்று மணிக்கு குருபிரசாத் ஃபோன். “உன் வாசல்லதான் இருக்கோம். அனகா மேல வரணும்கறா. நாங்க கீழ கார்லயே இருக்கணுமாம், எங்கயும் போகக்கூடாதாம்.”

வந்தாள். என் காதளவு உயரம். புலி பார்க்கவில்லை, கரடி பார்த்தோம் என்றாள். பேசிக்கொண்டே வந்தவள் சமையலறை வாசலில் நின்றுவிட்டாள்.

“இங்கேதானா?” என்றேன்.

தலையாட்டினாள்.

“எனக்கு ஒண்ணுமே ஞாபகம் இல்லைடி, அனு. நீ சொல்றியா?”

சொன்னாள். பாதி கன்னடம், பாதி தமிழ். நான் குறுக்கே பேசவில்லை. எல்லாம் சொல்லி முடித்துவிட்டு, “நான் பண்ணது கரெக்டாம்மா?” என்றாள். இதை நாலு வருடமாக உள்ளே வைத்துக்கொண்டிருந்திருக்கிறாள்.

“நீ பண்ணதுனாலதான் நான் இருக்கேன்.”

அதற்குப் பிறகு இரண்டு பேருமே கொஞ்ச நேரம் சரியாக இல்லை.

தோசை வார்த்தேன். சாப்பிடும்போதே பத்து நிமிடத்துக்கு ஒருமுறை எழுந்து பால்கனிக்குப் போய்க் கார் நிற்கிறதா என்று பார்த்துவிட்டு வந்தாள். நான் பார்க்காதது மாதிரி இருந்தேன்.

நாலரைக்குக் கீழே ஹார்ன் அடித்தது. அனகா எழுந்து போனாள். கம்பியைப் பிடித்துக் குனிந்து, “அப்பா, இன்னும் அரை மணி நேரம்!” என்று கத்தினாள்.