சுண்டுவிரலை ஏன் கட்டினீர்கள், அப்பா?

பிடில்காரர் என்று எஸ்டேட் முழுக்கக் கூப்பிட்ட என் அன்பு அப்பாவுக்கு, உங்கள் மூத்தவள் எழுதுவது.

நீங்கள் போய் ஒரு வருஷமும் மூன்று மாதமும் ஆகிவிட்டன. வீட்டுக் கூரைக்குப் புதுத் தகரம் போட்டாயிற்று. போன மழையில் ரிங்லெட் பக்கம் மலைப்பாதையில் மண் சரிந்து, காய்கறி லோரிகள் எல்லாம் இரண்டு நாள் ஈப்போ வழியாகச் சுற்றிப் போயின. நான் இன்னும் அதே தேயிலைக் கடையில்தான் நிற்கிறேன், மலை பார்க்க வருகிறவர்களுக்கு டீ ஊற்றிக்கொண்டு. உங்கள் பேத்தி லோஷினிக்கு ஈப்போவில் பேங்கில் வேலை.

இதைச் சொல்லவா கடிதம்? இல்லை அப்பா. எனக்கு ஒன்று புரியவில்லை. ஆளுக்கு ஒன்றாகச் சொல்கிறார்கள். உங்களிடமே கேட்டிருக்க வேண்டும். நீங்கள் இருந்தவரை கேட்கத் தோன்றவில்லை.

உங்கள் தாத்தா ஊரிலிருந்து இந்த எஸ்டேட்டுக்குக் கப்பலில் வரும்போது கொண்டுவந்தது நம் வீட்டுப் பிடில். அவருக்குப் பின் உங்கள் அப்பா, நீங்கள், நான், லோஷினி. இந்த ஐந்து பேரில் ஒருவர் சுண்டுவிரல்கூடத் தந்தியில் பட்டதில்லை. மற்றவர்கள் சுண்டுவிரலை வைக்கும் இடத்துக்கு நாம் மோதிர விரலையே மேலே இழுத்துக்கொண்டு போவோம். அந்த இழுப்பைக் கேட்டதும் கோயிலுக்கு வெளியே நிற்பவர்கள்கூட, பிடில்காரர் வீட்டு ஆள் வாசிக்கிறது என்பார்கள்.

எனக்கு எட்டு வயது இருக்கும்போது ஒரு வெள்ளைத் துணியைக் கிழித்து, என் இடது கைச் சுண்டுவிரலை உள்ளங்கையோடு சேர்த்துக் கட்டினீர்கள். ஏன்பா என்றேன். "அது நம்ம வீட்டு வாசிப்புல இல்ல" என்றீர்கள். அவ்வளவுதான். இரண்டு வருஷம் கழித்து அவிழ்த்தபோது விரல் தானாகவே மடங்கி நிற்கக் கற்றிருந்தது. இன்றைக்கும் கடையில் நான் கோப்பையை நீட்டும்போது அது மடங்கித்தான் இருக்கும்.

லோஷினிக்கு நீங்கள் கட்டவில்லை. நம்மைப் பார்த்து அவளாகவே மடக்கிக்கொண்டாள். அவளுக்கு ஏன் கட்டவில்லை? இதுவும் எனக்குத் தெரியாது.

ஈப்போவில் அவள் சொந்தமாக ஒரு பிடில் வாங்கி, ஒரு பிடில் டீச்சரிடம் சேர்ந்தாள். வேலை முடிந்து வாரத்துக்கு இரண்டு நாள் வகுப்பு. முதல் வாரமே எனக்குப் போன் போட்டாள்.

"அம்மா, சுண்டுவிரல்ல அடிபட்டிருக்கான்னு டீச்சர் கேக்குறாங்க. நான் என்னன்னு சொல்றது?"

எங்கள் வீட்டுப் பழக்கம் என்று சொல்லச் சொன்னேன். சொல்லும்போதே அது பதிலாகத் தெரியவில்லை.

மூன்று மாதம் கழித்து லீவில் வந்தவள், அடுப்படியில் உட்கார்ந்து எனக்கு வாசித்துக் காட்டினாள். நான்கு விரலும் ஓடின. ஸ்வரம் ஒவ்வொன்றும் துடைத்து வைத்ததுபோல் விழுந்தது. நல்லா இருக்கா என்று கேட்டாள். நல்லா இருக்கு என்று சொல்லிவிட்டு உலையைப் பார்க்கப் போய்விட்டேன். உண்மையிலேயே நன்றாக இருந்தது அப்பா. அதுதான் எனக்கு வலித்தது.

மறுநாள் ரிங்லெட்டுக்குப் போய் உங்கள் தங்கை முனியம்மா அத்தையிடம் கேட்டேன். எஸ்டேட்டுக்காகக் காடு வெட்டும்போது உங்கள் தாத்தாவின் சுண்டுவிரல் பாராங்கத்தியில் போய்விட்டதாம். மிச்ச மூன்று விரலால் மறுபடி வாசிக்கப் பழகினாராம். அப்பாவுக்கு இல்லாதது எனக்கு எதற்கு என்று அவர் மகன் மடக்கிக்கொண்டாராம். கேட்டு அங்கேயே அழுதுவிட்டேன். எவ்வளவு பெரிய மரியாதையை நாம் கையில் சுமந்திருக்கிறோம் என்று நினைத்தேன். லோஷினியைக் கூப்பிட்டு, விரலை மடக்கிக்கொள் என்று சொல்லவே இருந்தேன்.

அதற்குள் நம் அம்மன் கோயில் திருவிழா நெருங்கிவிட்டது. டோலக் வாசிக்க அழைப்பதற்காகத் திரிங்காப் ஊருக்குப் போய் உங்கள் சிநேகிதர் ராஜு மாமாவைப் பார்த்தேன். கண் மங்கியதால் லோரி ஓட்டுவதை விட்டுவிட்டார். மகனுடைய பூந்தோட்டத்தில் செவ்வந்தி கட்டிக்கொண்டிருந்தார். அத்தை சொன்ன கதையைச் சொன்னேன். கட்டுவதை நிறுத்திவிட்டு என்னையே பார்த்தார்.

"உங்கப்பனோட தாத்தாவ நான் பாத்திருக்கேன். என்னைத் தூக்கி வெச்சிருக்காரு. அவருக்குப் பத்து விரலும் இருந்துச்சு லா."

அதோடு விட்டிருக்கலாம். அடுத்து ஒன்று சொன்னார்.

"இங்க முனீஸ்வரர் கோயில் பஜனைல உங்கப்பன் நாலு விரலும் போட்டு வாசிப்பான். கல்யாணத்துக்கு முந்தியிருந்தே. வீட்டுல மட்டும் மாட்டான். உனக்குத் தெரியாதா?"

எனக்குத் தெரியாது.

ஞாயிற்றுக்கிழமைகளில், ராஜுவைப் பார்த்துவிட்டு வருகிறேன் என்று பிடிலைத் தூக்கிக்கொண்டு பஸ் ஏறுவீர்களே. அங்கே போய் அந்த விரலை அவிழ்த்துவிட்டுத் திரும்பும்போது மடக்கிக்கொண்டு வந்தீர்களா? மடக்குவதுதான் சரி என்றால் அங்கே ஏன் அப்படி வாசித்தீர்கள்? சரியில்லை என்றால் என் விரலை ஏன் கட்டினீர்கள்?

வீட்டுக்கு வந்ததும் பிடிலை எடுத்து என் சுண்டுவிரலைத் தந்தியில் வைத்துப் பார்த்தேன். அழுத்தினால் பக்கத்து விரலும் சேர்ந்து வளைந்தது. ஐம்பத்து மூன்று வயதில் அது யாருடைய விரலோ போல இருந்தது. சுவரில் மாட்டியிருக்கும் உங்கள் தாத்தாவின் படத்தையும் கழற்றிப் பார்த்தேன். இடது கை இருக்கும் இடத்தில் பூசணம் பிடித்து வெள்ளையாகிவிட்டது. உங்கள்மேல் அவ்வளவு கோபம் எனக்கு எப்போதும் வந்ததில்லை.

திருவிழா அன்று காலையில், அம்மன் ரதம் கிளம்புமுன் நாங்கள் வாசிக்க உட்கார்ந்தோம். ராஜு மாமா டோலக்கை மடியில் வைத்துக்கொண்டார். லோஷினி என் பக்கம் சாய்ந்தாள்.

"அம்மா, எப்படி வாசிக்கட்டும்? நீங்க சொன்னா மடக்கிக்கிறேன்."

நான் நிமிர்ந்து பார்த்தேன். அத்தை எதிரே உட்கார்ந்திருந்தார். லோஷினி அத்தையையும் என்னையும் பார்த்துவிட்டு, அவளே விரலை மடக்கினாள். அது உள்ளங்கைக்குள் போவதைப் பார்த்ததும் சொல்லிவிட்டேன்.

"மடக்காத. விடு."

தெளிந்து சொன்னதல்ல அப்பா. எப்படியோ வந்துவிட்டது.

முதல் அடி சேரவில்லை. அவள் நேராக ஸ்வரத்தில் போய் நின்றாள். நான் இழுத்துக்கொண்டு கொஞ்சம் தாமதமாக வந்தேன். பூசாரி திரும்பிப் பார்த்தார். இரண்டாவது அடியில் லோஷினி அந்த ஸ்வரத்தைப் பிடித்துக்கொண்டு, நான் போய்ச் சேரும்வரை நின்றாள். மாமாவும் டோலக்கில் தாளத்தைத் தளர்த்திக்கொண்டார். அப்படியே பாட்டு முடிந்தது. ரதம் கிளம்பிவிட்டது.

சிலர் பிரமாதம் என்றார்கள். உங்கப்பா வாசிப்பு மாதிரி இல்லையே என்று சிலர் முகம் சுளித்தார்கள். இரண்டு பேச்சும் எனக்குச் சரியாகவே பட்டன.

அத்தை வந்து என் இடது கையை எடுத்து, சுண்டுவிரலை மெதுவாக நீட்டிப் பார்த்தார். விட்டதும் அது மடங்கிக்கொண்டது.

"எங்கண்ணன் கடைசி வரைக்கும் எங்கப்பாவுக்குப் பயந்தாரு. நீ எங்கண்ணனுக்குப் பயந்த. உன் மகளுக்குப் பயப்பட ஆளில்ல. அது நல்லதா கெட்டதான்னு எனக்குத் தெரியலம்மா."

அப்போ பாராங்கத்தி கதை என்று கேட்டேன்.

"எங்கம்மா எனக்குச் சொன்னாங்க. நான் உனக்குச் சொன்னேன்" என்றார். பிறகு சாப்பாட்டு வரிசையில் போய் நின்றுகொண்டார்.

இவ்வளவுதான் நடந்தது. உங்கள் தாத்தா விரலை இழந்தாரா, அவருக்கு யாரோ மூன்று விரலால் மட்டும்தான் சொல்லிக்கொடுத்தார்களா, நீங்கள் எதை நம்பினீர்கள், எதுவும் எனக்குத் தெரியவில்லை. கோபம் இருக்கிறது. ஞாயிறு பஸ்ஸில் அந்தப் பக்கம் போகும்போது நீங்கள் சந்தோஷமாக இருந்தீர்களா என்ற நினைப்பு வந்தால் கோபம் தங்கமாட்டேன் என்கிறது.

ஒன்று மட்டும் வாக்குக் கொடுக்கிறேன். லோஷினிக்குப் பிள்ளை பிறந்து, அது என்றைக்காவது என் விரலைக் காட்டிக் கேட்டால், நான் கதை கட்ட மாட்டேன். உன் கொள்ளுத்தாத்தா கட்டினார், ஏன் என்று சொல்லவில்லை, அவர் இருக்கும்போது நானும் திருப்பிக் கேட்கவில்லை என்று உள்ளதை உள்ளபடி சொல்வேன். அடுத்த மாதம் அதே முனீஸ்வரர் கோயில் பஜனைக்கு ராஜு மாமா என்னைக் கூப்பிட்டிருக்கிறார். போகிறேன் அப்பா. மூன்று விரலோடுதான்.

உங்கள் மூத்த மகள்,
லோஷினியின் அம்மா,
செல்வி