உள்ளே இருப்பதை மறந்த விடைத்தாள்

கணித மேதையும் என் கணவருமான கலீம் அவர்களுக்கு,

நீங்கள் காந்தி மார்க்கெட்டிலிருந்து வருவதற்குள் நான் தேர்வுக்குப் போக வேண்டிய பஸ் வந்துவிடும். குஸ்கா ஹாட்பாக்ஸில் இருக்கிறது. தாளிச்சாவைச் சூடு பண்ணிக்கொள்ளுங்கள். அடுப்புப் பற்றவைக்கச் சூத்திரம் எதுவும் தேவையில்லை.

நேற்று டியூஷன் பிள்ளைகள் முன்னால் என் நோட்டைத் தூக்கிக் காட்டி, "பாருங்கப்பா, சங்கிலி விதியில உங்க மேடம் உள்ள இருக்கறத மறந்துட்டாங்க!" என்று சிரித்தீர்களே, மிக்க மகிழ்ச்சி.

காலையில் இருபது கணக்குப் போட்டேன். sin(3x²+1)இல் வெளியே உள்ள சைன், காஸ் ஆகும். உள்ளே இருக்கும் 3x²+1ஐயும் வகையிட்டு, வரும் 6xஆல் பெருக்க வேண்டும். புரிந்துவிட்டது.

அப்படியே நீங்கள் அச்சடித்து வைத்திருக்கும் விடைத்தாளையும் பார்த்தேன். ஏழாவதும் இதே கணக்குதான்; அதில் மேதையும் 6xஐ மறந்திருக்கிறார். முப்பது பிரதியிலும் சிவப்பு மையில் எழுதிச் சேர்த்துவிட்டேன். நன்றியெல்லாம் வேண்டாம்.

ஜெஸிமா

பி.கு. யார் தப்பு என்று பிள்ளைகளிடம் நீங்களே சொல்லுங்கள். நான் யார் நோட்டையும் தூக்கிக் காட்ட மாட்டேன்.

இன்னொன்று. இந்தத் தேர்வை எழுதுவது மூன்றாவது முறை. ஹால் டிக்கெட்டை நாலு தடவை எடுத்துப் பார்த்துவிட்டேன். பத்து மணிக்கு எனக்காக ஒரு துஆ கேளுங்க.