கட்டி வைத்த விசை

பிரிஞ்சாங்,
செவ்வாய்க்கிழமை

அன்புள்ள மாமாவுக்கு,

ரஞ்சிதம் எழுதுவது. நானும் அத்தையும் சுகம். உங்கள் தங்கை புனிதா உயிரோடு இருக்கிறாள், பதறாமல் படியுங்கள். போனில் சொன்னால் நீங்கள் குறுக்கே பேசுவீர்கள், நானும் அழுதுவிடுவேன். அதனால்தான் சிங்கப்பூர் திரும்பும் உங்கள் கூட்டாளி சிங்காரத்திடம் இதைக் கொடுத்தனுப்புகிறேன்.

வெள்ளிக்கிழமை மழை விட்டதும் தேயிலைக் கொழுந்து வெட்டப் போனோம். எப்போதும் நான்தான் மெசின் பிடிப்பேன், புனிதா பின்னால் பையைத் தூக்கி வருவாள். அன்று எனக்குத் தோள் வலி என்று அவள் மெசினை வாங்கிக்கொண்டாள். சரிவில் கால் வழுக்கி விழுந்தவள் விசையை விட்டுவிட்டாள். விட்டால் பிளேடு நிற்க வேண்டும் அல்லவா? நிற்கவில்லை. விசையை ராஃபியா கயிற்றால் இறுக்கிக் கட்டியிருந்தது. நான் ஓடிப்போய் எஞ்சினை அணைப்பதற்குள் வலது கையில் இரண்டு விரல்கள் போய்விட்டன.

கயிறு யார் கட்டியது என்று கங்காணி லயத்து வீடுகள் முழுக்க விசாரித்தார். நான் வாய் திறக்கவில்லை. நாள் முழுக்க அழுத்தி அழுத்தி எனக்கு விரல் மரத்துப்போகிறதே என்று, சிங்கப்பூர் கிளம்பும் முன் நீங்கள் கட்டிக் கொடுத்த கயிறு அது. பாசத்தில்தான் கட்டினீர்கள், தெரியும்.

புனிதாவுக்கும் தெரியும். ஆஸ்பத்திரியில் மயக்கம் தெளிந்ததும் அவள் சொன்னது, "அண்ணனுக்குத் தெரிய வேணாம் அண்ணி. அங்க வேலை செய்றப்போ கை நடுங்கும் லா." நானும் சரி என்றுதான் இருந்தேன்.

நேற்று நீங்கள் அனுப்பிய படத்தைப் பார்த்த பிறகு சும்மா இருக்க முடியவில்லை. கையில் இரும்பு அறுக்கும் கிரைண்டர், சக்கரத்தின் மேல் இருக்க வேண்டிய மூடியைக் காணோம். போனில் கேட்டதற்கு, மூடி இருந்தால் இடுக்கில் நுழையாது, கழற்றினால்தான் வேலை சீக்கிரம் முடியும் என்று சிரித்தீர்கள். வந்த கோபத்தில் போனை வைத்துவிட்டேன். உங்களுக்கு எல்லாமே விளையாட்டு.

மூடியை மாட்டுங்கள் மாமா. ஃபோர்மன் திட்டினால் திட்டட்டும். வேலை போனால் போகட்டும், பக்கத்தில் கோலா தெர்லாவில் லோரிக்கு முட்டைக்கோஸ் ஏற்றிப் பிழைத்துக்கொள்ளலாம். புனிதாவுக்கு மூன்று வேளையும் நான்தான் சோறு பிசைந்து ஊட்டுகிறேன். முகத்தைத் திருப்பிக்கொண்டுதான் வாயைத் திறக்கிறாள். இங்கே அவளுக்கு நான் இருக்கிறேன். அங்கே உங்களுக்கு யார் ஊட்டுவார்?

முனீஸ்வரர் உங்களைக் கை கால் சுகத்தோடு வைத்திருக்கட்டும்.

உங்கள்
ரஞ்சிதம்