எங்கள் கூரையில் விழும் மழை

ஒக்டோபர் 12, ஞாயிறு.

எங்கள் கிணற்றுத் தண்ணீர் உவர். தேநீர்கூட உப்புக் கரிக்கிறது. மழைநீருக்கு ஆயிரம் லீற்றர் தாங்கி வாங்கினால் நிரம்புமா என்பதுதான் மனைவியின் கவலை. கூரையை அளக்க இன்று ஏணியில் ஏறினேன்.

“அல்லாஹ்வே, இறங்குங்க! கூரதான் சரிவு, மழ நேராத்தானே விழுகுது. நிலத்த அளந்தாக் காணும்!” என்று கத்தினாள்.

சரிதான். கூரை மூடும் நிலம் பத்து மீற்றர் நீளம், ஆறு மீற்றர் அகலம். ஒரு மில்லிமீற்றர் மழைக்கு அறுபது லீற்றர். இருபது மில்லிமீற்றர் பெய்தால் ஆயிரத்து இருநூறு. சிந்துவதைக் கழித்தாலும் தாங்கி நிரம்பும். முதியோர் வகுப்பில் படித்த பெருக்கல். நானே எழுதிச் செய்தேன்.

“மெய்தானா?” என்று கேட்டாள்.

“ஓம்.”

“அப்ப நாளைக்கே வாங்குங்க.”

இப்போதே மழை தொடங்கிவிட்டது. பானைகளைக் கூரைத் தண்ணீர் வழியும் பீலிக்குக் கீழே அடுக்குகிறாள். முதலில் கூரை கழுவப்படட்டும் என்றேன். கேட்கிறாளா? நானும் எழுந்து பானை பிடிக்கப் போகிறேன்.