விரிசலுக்குள் நீல வண்ணம்

என் கேப்டனுக்கு,

நானும் அத்தையும் சௌக்கியம். இரண்டு பேர் தலையிலும் படகைத் தேய்த்த வெள்ளைத் தூசி. அத்தைக்கு அது தெரியவே இல்லை, எனக்குத்தான் ஒரேயடியாக வயதாகிவிட்டது. உங்கள் முதுகுவலி எப்படி இருக்கிறது? இதைப் போனிலேயே சொல்லியிருக்கலாமே என்பீர்கள். போனில் நான் பாதி சொல்வதற்குள் "சரி சரி, டியூட்டிக்கு நேரமாச்சு" என்று வைத்துவிடுகிறீர்கள். கடிதத்தை அப்படி வைத்துவிட முடியாது.

முதலில் விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன். நம் படகை நான் விற்கவில்லை. விரிசலைச் சரிசெய்துவிட்டோம். கோபப்படாமல் மேலே படியுங்கள்.

பட்டி வைத்து, வண்ணம் அடித்து, வருகிற ஆளுக்குத் தள்ளிவிடு என்று நீங்கள் எழுதியதைப் பட்டறைக்காரரிடம் சொல்லத்தான் போனேன். அவரும் "வாங்கறவன் பாத்துக்குவான்மா, நமக்கென்ன" என்றார். எனக்கு மனசு கேட்கவில்லை. யாரோ ஒரு மனிதர் பெண்டாட்டி பிள்ளைகளோடு கடலுக்குப் போய், நமக்கு ஆனது போல நடுவழியில் படகுக்குள் தண்ணீர் ஏறிக் கால் நனைந்தால்? பட்டி வைப்பதற்கு முன் விரிசல் எவ்வளவு ஆழம் என்று மட்டும் பார்த்துவிடுகிறேன் என்றேன். அங்கே பிடித்தது சனி.

கேபின் தரைப்பலகைகளைக் கழற்றிவிட்டு, ஸ்க்ரூடிரைவரின் பிடியால் ஒவ்வொரு இடமாகத் தட்டிப் பார்க்கச் சொன்னார் பட்டறைக்காரர். ஃபைபர் நன்றாக இருக்கும் இடத்தில் கணீரென்று கேட்கும், உள்ளே பிரிந்துபோன இடத்தில் பொத்தென்று கேட்கும். எனக்கு எல்லாம் ஒரே மாதிரிதான் கேட்டது. அத்தை என்னை நகரச் சொல்லிவிட்டு உட்கார்ந்தார். "தர்பூசணி தட்டி வாங்கத் தெரிஞ்சவளுக்கு இது தெரியாதா?" என்று கேட்டுவிட்டு, தட்டித் தட்டிப் பென்சிலால் வட்டம் போட்டார். மேல்தளத்தில் நம்மைப் பயமுறுத்திய சிலந்திவலைக் கீறல்கள் எல்லாம் வெறும் மேல்பூச்சோடு சரி. நிஜ நோய் கீழே இருந்தது. படகின் அடியில் போல்ட் போட்டு மாட்டியிருக்கும் கனத்த இரும்புக்கு நேர் மேலே, பின்பக்கத்துக் குறுக்குச் சட்டம் படகின் உடம்பை விட்டே பிரிந்திருந்தது.

இப்போது கவனமாகப் படியுங்கள். அந்த இடத்தை மெஷின் போட்டுத் தேய்த்தேன். நம் வெள்ளை வண்ணம் போயிற்று. அதன் கீழே நீல வண்ணம், நமக்கு விற்ற பழைய சொந்தக்காரர் அடித்தது. இன்னும் தேய்த்தேன். விரிசல் கோடு முழுக்க, அடி ஆழம் வரை, அந்த நீலம் இறங்கியிருந்தது. மெஷினை நிறுத்திவிட்டு அப்படியே உட்கார்ந்துவிட்டேன். விரிசல் முன்பே இருந்தால்தானே அதற்குள் நீலம் இறங்கும்? அந்த மனிதர் அதன் மேலேயே வண்ணத்தைப் பூசி நம் தலையில் கட்டியிருக்கிறார். நாம் வாங்கும்போதே அது உடைந்த படகுதான்.

அன்று நீங்கள் சுக்கான் பிடித்தபோது நாம் மோதிய பாறை ஒன்றும் செய்யவில்லை என்று சொல்லமாட்டேன். மோதிய பிறகு விரிசல் நீண்டிருக்கிறது, அதன் நுனியில் வண்ணமே இல்லை. ஆனால் நல்ல படகாக இருந்தால் அந்த இடிக்கு இப்படித் தண்ணீர் உள்ளே வந்திருக்காது என்று பட்டறைக்காரரே சொல்கிறார். நீங்கள் "எல்லாம் என் கையாலதான் ஆச்சு" என்று சொல்லிவிட்டு, சுக்கானை விட்டு, எங்களையும் விட்டு, கப்பல் இயந்திர அறைக்குள் போய் உட்கார்ந்துகொண்டீர்களே, அதற்காகத்தான் இவ்வளவு விவரமாக எழுதுகிறேன்.

அதற்குப் பிறகு எங்களைப் பிடிக்க முடியவில்லை. ஃபைபர் துணியை ஒட்டும் ரெசின் பசையைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கலக்க வேண்டும் என்று டப்பாவிலேயே போட்டிருக்கிறது. ஊருக்கே சமைத்துப் பழகிய கை உங்கள் அம்மாவுக்கு. "தொட்டுத் தொட்டுக் கலந்தா எப்ப முடிக்கிறது" என்று ஒரு வாளி நிறையக் கலந்து வைத்துவிட்டார். அது தானாகவே சூடேறி, புகைந்து, வாளியே வளைய ஆரம்பித்துவிட்டது. பட்டறைக்காரர் ஓடி வந்து அதை வெளியே தள்ளிவைத்தார். இரண்டு நாள் அவர் எங்களோடு பேசவில்லை. அத்தைக்கோ அதில் ஒரு வருத்தமும் இல்லை, "நல்லா சூடு புடிக்குது, சரக்கு நல்ல சரக்குதான்" என்றார்.

பிறகு ஒழுங்காகச் செய்தோம். விரிசலின் இரண்டு பக்கமும் சரிவாகத் தேய்த்து, ஃபைபர் துணியை அடுக்கடுக்காக ஒட்டி, உருளையால் காற்றுக்குமிழ் எல்லாவற்றையும் வெளியேற்றினோம். சட்டத்தின் இரண்டு பக்கத்தையும் படகின் உடம்போடு சேர்த்துக் கட்டினோம். நன்றாக இறுகிய பிறகு அத்தை மறுபடி தட்டினார். எல்லா இடமும் கணீரென்றது.

இன்று காலை சோதனை. முன்பு படகின் பாரத்தை அடி இரும்பின் மேல் இறக்கியபோது, சட்டத்தின் கீழே ஒரு காகிதம் நுழையும் அளவுக்கு வாய் திறந்தது. இன்றும் அதே மாதிரி கிரேனில் பிடித்துக்கொண்டு மெல்ல மெல்ல இறக்கினார்கள். நான் பட்டறைக்காரரிடம் சண்டை போட்டு, டார்ச்சோடு உள்ளே குப்புறப் படுத்திருந்தேன். படகு ஒருமுறை முனகியது. அந்த இடத்தில் காகிதத்தைச் செருகிப் பார்த்தேன். நுழையவில்லை. சுற்றி வந்து மறுபக்கம் செருகினேன், அங்கேயும் நுழையவில்லை. சிரித்தேனா அழுதேனா என்று தெரியவில்லை, கீழே இருந்து அத்தை "என்னாச்சு, சொல்லித் தொலையேன்" என்று கத்திக்கொண்டே இருந்தார்.

தண்ணீரில் எப்போது இறக்கலாம் என்று பட்டறைக்காரர் கேட்டார். சுக்கான் பிடிக்கிற ஆள் வரட்டும் என்று சொல்லியிருக்கிறேன்.

அடுத்த வருடத்துக்கும் கப்பல் வேலைக்கே ஒப்பந்தக் கையெழுத்துப் போடப்போவதாக எழுதியிருந்தீர்கள். இந்தக் கடிதம் வருவதற்குள் போட்டிருக்கமாட்டீர்கள் என்று நம்புகிறேன். அத்தை தன் ஆசீர்வாதத்தை எழுதச் சொன்னார், கூடவே ஒரு திட்டையும் எழுதச் சொன்னார். திட்டை நேரில் வாங்கிக்கொள்ளுங்கள். எனக்குப் பயம் போய்விட்டதா என்று கேட்காதீர்கள். போகவில்லை. இன்னும் தண்ணீர் சத்தம் கேட்டால் கால் கூசுகிறது. ஆனால் சுக்கானில் நீங்கள் இருந்தால் ஏறுவேன். வேறு யார் கூப்பிட்டாலும் ஏறமாட்டேன்.

உங்கள் கையை நம்பிக் கரையில் நிற்கும்
உங்கள் மனைவி