சூளைக்குள் நின்ற ட்ராலி

சட்டையை உதறினால் இன்னமும் செங்கல் தூசி வாசம் வருகிறது, மாப்ள. நேற்று நம் கம்பெனிக்குப் போய் வந்தேன். பூட்டிக் கிடந்ததை யாரோ எடுத்து, பீங்கான் ஏற்றும் ட்ராலிகளில் பெஞ்சு அடித்து, அந்த நீளச் சூளைக்குள் ஆட்களை ஏற்றித் தண்டவாளத்தில் ஓட்டுகிறார்கள். என் மகள்தான் கூட்டிப்போனாள். நீ போனதிலிருந்து வீட்டோடு கிடக்கிறார்களே என்று உன் வீட்டம்மாவையும் அழைத்து வந்திருந்தாள்.

பாதி தூரத்தில் ட்ராலியை நிறுத்தி விளக்கை அணைத்தார்கள். ட்ராலிக்கு அடியில் ஒரு குழி உண்டு, பீங்கான் சரிந்து சக்கரம் சிக்கினால் மேலே நெருப்பு எரிய எரிய ஒரு ஆள் அதற்குள் தவழ்ந்து போவார் என்று சுற்றிக்காட்டக் கூட வந்த பையன் விளக்கினான்.

அவன் என்ன கண்டான்! முதல் தடவை இறங்கியபோது நான் பாதியில் மூச்சு முட்டி அலறினேன். வேட்டியை நனைத்துக்கொண்டேன். நீதான் காலைப் பிடித்து இழுத்துப் போட்டாய். அந்தப் பக்கம் நம் இருவரைத் தவிர யாருமில்லை. அன்றிலிருந்து என் முறைக்கும் நீயே இறங்கினாய். யார் இறங்கியது என்று எழுதும் நோட்டில் மட்டும் என் பேர். குழியிலிருந்து ஏறியவனுக்குக் கம்பெனியில் ஒரு செம்பு மோர் தருவார்களே, அதைக்கூட என்னிடம் நீட்டி, "பேரு உன்னுது, மோரும் உன்னுதுதான், குடி" என்பாய். வெட்கமில்லாமல் குடித்தேன். வீட்டில் வந்து குழிக்குள் போன கதையும் அளந்தேன்.

அந்தக் கதையைக் கேட்டு வளர்ந்தவள் சும்மா இருப்பாளா? "எங்கப்பாதான் எறங்குவாரு. சொல்லுங்கப்பா" என்றாள், இருட்டில் எல்லோருக்கும் கேட்க. முன்னால் நகரவும் வழியில்லை, இறங்கவும் இடமில்லை.

பக்கத்திலிருந்து உன் வீட்டம்மா பேசினார்கள். "ஆமாம்மா, உங்கப்பாதான். எங்க வூட்டுக்காரரு மேல நின்னு பாத்துக்கிட்டு இருப்பாராம்."

எல்லோரும் கை தட்டினார்கள். நான் தலையாட்டினேன், மாப்ள. தலையாட்டிவிட்டேன்.

வெளியே வந்ததும் அவர்களிடம் மன்னிப்புக் கேட்கப் போனேன். முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "ஆஸ்பத்திரில கெடக்கும்போதே சொல்லிட்டாருண்ணே, அவன எங்கியும் வுட்டுக் குடுத்துடாதன்னு" என்றார்கள்.

மகள் அந்த ட்ராலியில் என்னை எடுத்த போட்டோவைக் கூடத்தில் மாட்டியிருக்கிறாள். அவளிடம் இன்னும் சொல்லவில்லை. அவளுக்கு உண்மையை எழுதிவிட வேண்டும் என்று உட்கார்ந்தும், அது முன்பே தெரிந்த உனக்குத்தான் எழுதிக்கொண்டிருக்கிறேன்.