காத்திருப்பில் நின்றவர்கள்

நேற்று பேகம்பூரில் ஒரு புதுச் செருப்பு வாங்கினேன். வீட்டுக்கு வந்து பெட்டியைத் திறந்ததும் தோல் வாசனை முகத்தில் அடித்தது. மனைவி மூக்கைப் பொத்திக்கொண்டு வெளியே வைக்கச் சொன்னாள். எனக்கு மனம் வரவில்லை. உன் அத்தாவின் தோல் கிடங்குக்கு மேலே இருந்த மாடி அறையில் நாம் இரண்டு பேரும் பொழுதெல்லாம் இந்த வாசனைக்குள்தான் உட்கார்ந்திருந்தோம். முதல் வாரம் எனக்குக் குமட்டியது. "பழகிரும் மாப்ள, எங்க வீட்டுச் சாம்பிராணியே இதுதான்" என்று சிரித்தாய்.

அந்த அறையில் ஒரு கம்ப்யூட்டர், கீச்சுக் கீச்சென்று கத்தி இணைப்பைப் பிடிக்கும் மோடம், நினைத்தபோது போகும் கரண்ட். அதை வைத்துக்கொண்டு நம் ஊர்க்காரர்களுக்கு ஒரு மெயிலிங் லிஸ்ட் நடத்தினாய். ஒரு முகவரிக்கு எழுதினால் துபாயிலும் சிங்கப்பூரிலும் சென்னையிலும் இருக்கிற திண்டுக்கல்காரர் அத்தனை பேருக்கும் போய்ச் சேரும். யார் வீட்டில் கல்யாணம், யாருக்கு வேலை போயிற்று, ஊரில் மழை பெய்ததா என்று எழுதித் தள்ளுவார்கள். சர்வர் எங்கோ தூர தேசத்தில் இருந்தது. படமோ பட்டனோ கிடையாது. கறுப்புத் திரையில் கட்டளை அடித்துத்தான் ஆளைச் சேர்க்க வேண்டும், நீக்க வேண்டும்.

உறுப்பினர் அல்லாத முகவரியிலிருந்து வரும் மெயிலை அந்த மென்பொருள் உள்ளே விடாது. நாம் பார்த்துச் சொல்லும்வரை காத்திருப்பில் நிறுத்திவைக்கும். பெரும்பாலும் ஆண்மை மாத்திரை விளம்பரமும் லாட்டரிப் பரிசும்தான். ஆனாலும் நீ ஒவ்வொன்றாகத் திறந்து, அனுப்பியவர் பெயரையும் முதல் இரண்டு வரியையும் வாசித்த பிறகுதான் அழிப்பாய். கம்பெனி மாறினால் முகவரியும் மாறும், நம் ஆளே புது முகவரியிலிருந்து எழுதியிருப்பான் என்பது உன் வாதம். எனக்கு அந்தப் பொறுமை ஏது? கோப்பின் பெயரில் ஒரு நட்சத்திரக் குறி போட்டால் காத்திருப்பில் உள்ள எல்லாமே ஒரே கட்டளையில் ஒழியும் என்று கண்டுபிடித்து உன்னிடம் பெருமையடித்தேன்.

"பாத்தியா மாப்ள, அம்புட்டும் காலி."

"அதுல யாரும் இருந்திருந்தா?"

"இருந்தா மறுபடி எழுதுவான்."

எவ்வளவு திமிர் எனக்கு! நீ பக்கத்தில் இருந்தவரை அந்தக் கட்டளையை மறுபடி அடிக்க விடவில்லை. சிறுநீரகம் கெட்டு உன்னை மதுரை ஆஸ்பத்திரியில் சேர்த்தபோது லிஸ்ட் என் கைக்கு வந்தது. அதன் பிறகு ஞாயிறுதோறும் அந்த ஒரு வரிதான். அடித்துவிட்டு டீ குடிக்கப் போய்விடுவேன்.

உன்னைப் பார்க்க சிறுமலைப் பழம் ஒரு சீப்பு வாங்கிக்கொண்டு வந்தேன். சிறுநீரக நோயாளி வாழைப்பழம் தொடக்கூடாது என்று நர்ஸ் அதட்டினார். அதைக்கூட விசாரிக்காமல் வந்திருந்தேன். நீ நர்ஸைச் சமாதானப்படுத்திவிட்டு என் பக்கம் திரும்பினாய்.

"என் மெயில் பெட்டி நெறஞ்சு போச்சு மாப்ள. தம்பி ஐடியில இருந்து லிஸ்டுக்கு எழுதுனேன். சும்மாதான் படுத்துக் கெடக்கேன், ஊர்க்கதை எதாச்சும் எழுதுங்கப்பான்னு. ஒருத்தனும் எழுதல பாரு."

"நான் பாக்கல மாப்ள. மொத்தமா தள்ளிட்டேன்" என்றேன். திட்டப் போகிறாய் என்று நினைத்தேன். திட்டியிருக்கலாம்.

"என்னோடத மட்டுமா?" என்று கேட்டாய்.

ஊருக்குத் திரும்பி, சர்வர் எழுதிவைத்திருந்த பதிவைத் திறந்தேன். அழித்த மெயில் அதில் இருக்காது. அனுப்பியவர் முகவரியும் தலைப்பும் மட்டும் இருக்கும். மாத்திரை விளம்பரங்களுக்கு நடுவே நம் ஆட்கள் வரிசையாக நின்றார்கள். உன்னுடையதன் தலைப்பு 'நான்தான்'. அதற்கும் முந்திய ஒரு வாரத்தில், மஸ்கட்டில் வேலை பார்த்த கீரனூர் அண்ணனுடையது: 'அம்மா தவறிட்டாங்க'. அவரும் அப்போதுதான் கம்பெனி மாறியிருந்தார்.

போனில் உனக்கு வாசித்துக் காட்டினேன். "எம்புட்டு நாளு பதிலுக்குப் பாத்துருப்பாரு" என்று மட்டும் சொன்னாய்.

அடுத்த ஞாயிறு உன் தம்பியின் முகவரியிலிருந்து லிஸ்டுக்கு ஒரு மெயில் வந்து காத்திருப்பில் நின்றது. இந்த முறை திறந்து வாசித்தேன். "லிஸ்டை நடத்துகிறவன் நான். வந்த மெயில்களைப் பார்க்காமல் அழித்துவிட்டேன். தவறு என்னுடையது. மன்னித்து மறுபடி எழுதுங்கள்." கீழே உன் பெயர். என் பெயர் எங்கும் இல்லை. அழித்தது நான்தான் என்று கூடவே ஒரு மெயில் எழுதினேன். என் பெரியப்பா மகன் அந்த லிஸ்டில் இருந்தான். கல்லூரிக் கூட்டம் மொத்தமும் இருந்தது. அவர்களுக்கெல்லாம் நான் கம்ப்யூட்டர் புலி. எழுதியதை அழித்துவிட்டு உன்னுடையதை மட்டும் அனுமதித்தேன். நீ அதைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை.

பலர் மறுபடி எழுதினார்கள். உனக்கும் ஊர்க்கதை வந்து குவிந்தது. கீரனூர் அண்ணன் மட்டும் எழுதவில்லை. அந்த வருஷ மழைக்கு முன்னால் நீ போய்விட்டாய்.

அடக்கம் முடிந்து எல்லோரும் கலைகிறபோது பள்ளிவாசல் கேட்டருகே ஒருவர் என் கையைப் பிடித்தார். கீரனூர் அண்ணன். லீவில் வந்திருந்தார்.

"ஏனுங்க தம்பி, நீங்க அவருக்கு ரொம்ப நெருக்கமுங்க. எங்கம்மா போனப்ப ஒருத்தரும் விசாரிக்கலைன்னு எல்லாரு மேலயும் கோவமா இருந்தேனுங்க. அப்புறம் அவரே தப்பு என்னுதுன்னு எழுதிட்டாரு. மனசுல ஒண்ணுமில்லைன்னு சொல்லோணும்னு இருந்தேன். அதுக்குள்ள இப்படி ஆயிப்போச்சுங்க."

அவர் அழுதார். அப்போதாவது நான் சொல்லியிருக்க வேண்டும். "கேட்டிருந்தா சந்தோசப்பட்டிருப்பாண்ணே" என்றேன்.

அந்த அண்ணன் இப்போது கீரனூரிலேயே தங்கிவிட்டார். பழனி பஸ்ஸில் ஏறினால் போய்ப் பார்த்துவிடலாம். பஸ் ஸ்டாண்டில் அந்த பஸ் நிற்கிற பக்கம்கூட நான் போவதில்லை. உனக்கென்று அவர் தந்த மன்னிப்பு என்னிடம் இருக்கிறது, மாப்ள. உனக்கு அது தேவையே இல்லை. தேவைப்பட்டவன் நான், உன் பெயரைச் சொல்லி வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன்.